மாளிகைமேட்டில் இல்லாத வளைவுகள்

போன மாதம் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தோம். கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டுக்கும் போனோம். அகழாய்வுக் குழிக்குள் வரிசை வரிசையாகச் செங்கல் சுவர், பல இடங்களில் முழங்கால் உயரம்கூட இல்லை. மகள் என் போனை வாங்கி, அந்த அரண்மனையைக் கணினியில் எழுப்பிக் காட்டும் ஒரு வீடியோவை ஓடவிட்டு, "அப்பா, இந்த அரண்மனை எங்க இருக்கு?" என்று கேட்டாள். வீடியோவில் தங்கக் கூரை, கருங்கல் சுவர், வாசலுக்கு வாசல் முகலாயர் கட்டடங்களில் இருக்குமே, அந்தக் கூர்வளைவு. இந்த இடம்தான்மா அது என்றேன். அவள் நம்பவில்லை.

எனக்கு அந்த வீடியோ மேல் கோபம்தான். அங்கே தோண்டிக் கிடைத்தவை சுட்ட செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் பதித்த சின்னச் சின்னத் தட்டை ஓடுகள், இரும்பு ஆணிகள், மரத்தூண்களைத் தாங்கியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதும் கருங்கல் அடிப்பீடங்கள். கல்லையெல்லாம் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு, கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திர சோழன் செங்கல்லும் மரமுமாகக் கட்டிய வீட்டில் இருந்திருக்கிறார்! தங்கக் கூரையைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஆனால் இதை யாரும் படமாக்குவதில்லை.

கணினியில் பழைய கட்டடங்களை எழுப்பிப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் 2010-ல் லேசர் வைத்து நூறு கோடிப் புள்ளிகளுக்கு மேல் அளந்து வைத்தார், 2019-ல் தீப்பிடித்தபோது அந்த அளவுகள் கையில் இருந்தன. மாளிகைமேட்டு அரண்மனை நின்ற காலத்தில் அதை அப்படி அளந்து வைக்க யாரும் இல்லை. நமக்குத் தெரிவது தரையில் சுவர் ஓடிய தடம் மட்டும்தான், அதற்கு மேல் எத்தனை மாடி, என்ன உயரம் என்பதெல்லாம் ஊகம். சரி, ஊகிக்கட்டும், ஆனால் எது கிடைத்தது, எது நாமே வைத்தது என்று வேறு நிறத்திலாவது காட்ட வேண்டாமா? இதற்கென்றே லண்டன் சாசனம் என்று உலக அளவில் ஒரு வழிகாட்டி இருக்கிறது, 2006-ல் வந்து 2009-ல் திருத்தப்பட்டது. எந்த ஆதாரத்தை வைத்து என்ன முடிவெடுத்தோம் என்று எழுதி வைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், நிஜமாகவே எழுப்பிக் காட்டக்கூடிய ஒன்று அதே ஊரில் இருக்கிறது. கோவிலைச் சுற்றியிருந்த கருங்கல் மதில். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்த மதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்கள் தடுத்தும் கேட்கவில்லை, பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம் என்று சொன்னவர்கள் அதையும் கட்டவில்லை. திரும்பும்போது அந்தக் கீழணை இருக்கிற அணைக்கரை வழியாகத்தான் வந்தோம், மகளுக்கு ஆற்றைக் காட்டிச் சொன்னேன், கோவில் மதில் போன இடம் இதுதான் என்று.

கோவிலைச் சுற்றி ஓடிய இரண்டடுக்குத் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் கொஞ்சம் இன்னும் நிற்கிறது. தூண், உத்திரம் எல்லாவற்றையும் நேரில் அளக்கலாம். வீடியோ செய்கிற தம்பிகளே, அடுத்த தடவை அங்கிருந்து ஆரம்பியுங்கள். அரண்மனையையும் செய்யுங்கள், ஆனால் அந்த வளைவை மட்டும் எடுத்துவிடுங்கள்.