9,735 பேரில் 8,274 பேர்

மைக்கேல் மிஸ்ராக்கியின் படம் இன்னமும் என் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டே இருக்கிறது. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் உலக போக்கர் தொடரில், பணம் வைத்து ஆடும் அந்தச் சீட்டாட்டத்தின் முக்கியப் போட்டியான மெயின் ஈவென்ட்டை ஜெயித்தவர். பரிசு 1 கோடி டாலர், நம் பணத்தில் 85 கோடிக்கு மேல். பார்க்கிறவனுக்கு ஆசை வரத்தான் செய்யும். போக்கரை விரும்பிப் பார்க்கிறவன் நான். அதனாலேயே, போனில் ரம்மி ஆடுகிறவனுக்கும் ஒரு நாள் இப்படி அடிக்கும் என்பதுபோல அந்தப் படம் சேலத்தில் சுற்றுகிற விதம் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

மிஸ்ராக்கி நேற்று முளைத்தவர் இல்லை. ‘கிரைண்டர்’ என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். அதே கோடையில், 50,000 டாலர் கட்டிப் பல வகை போக்கரை மாற்றி மாற்றி ஆட வேண்டிய பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பை நான்காவது தடவையாக வென்றிருந்தார். மெயின் ஈவென்ட்டில் ஒரு கட்டத்தில் அவர் கையில் மூன்று பிக் பிளைண்டுக்கும் (சீட்டுப் போடுவதற்கு முன்பே கட்டாயமாக வைக்கிற பந்தயம்) குறைவான சிப்ஸ்தான், அதாவது பந்தய வில்லைகள்தான். வேறு யாராக இருந்தாலும் அப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகியிருப்பார்கள். அங்கிருந்து ஏறி வந்து ஜான் வாஸ்நாக்கைக் கடைசியில் வீழ்த்தினார். எனக்கு அதைவிடச் சந்தோஷம் தந்தது ஸ்பெயினின் லியோ மார்கெட்ஸ். 1995-இல் பார்பரா என்ரைட் உட்கார்ந்த பிறகு கடைசியாக மிஞ்சும் சிலர் மட்டும் ஆடும் அந்த இறுதி மேஜைக்கு வந்த முதல் பெண். ஏழாம் இடம், 15 லட்சம் டாலர். நம் பக்கமும் சும்மா இல்லை. பெங்களூருக்காரர் சந்தோஷ் சுவர்ணா 2024-இல் இரண்டரை லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி ஆடும் போட்டியையே வென்றவர்.

இதெல்லாம் படத்தோடு வருகிறது. படத்தோடு வராத கணக்கு ஒன்று இருக்கிறது.

அந்த மெயின் ஈவென்ட்டில் உட்கார்ந்தவர்கள் 9,735 பேர். ஆளுக்கு 10,000 டாலர். காசு கிடைத்தது 1,461 பேருக்கு. மிச்சம் 8,274 பேர் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார்கள். ஆனாலும் அந்தப் போட்டியை நான் மதிக்கிறேன். ஒரு தடவை வெளியே போனால் போனதுதான், மறுபடி பணம் கட்டி உள்ளே வர முடியாது. எவ்வளவு தோற்கலாம் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். எத்தனை பேர் ஆடினார்கள், எத்தனை பேருக்குப் பணம் என்பதை ஊரறிய வெளியிடுகிறார்கள். போனில் ரம்மி ஆடவைத்த கம்பெனி ஏதாவது அப்படி ஒரு கணக்கை நமக்குக் காட்டியதா?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி இந்தப் படத்தை எனக்குக் காட்டினான். அவன் முதலில் பார்த்தது பணத்தை இல்லை, ஜெயித்தவருக்குத் தரும் பிரேஸ்லெட்டை. பெரிதாக்கி, கண்ணி கண்ணியாக நகர்த்திப் பார்த்துவிட்டு, “பத்த வெச்ச இடமே தெரியலண்ணே” என்றான். தொழில்காரன் கண். அப்புறம்தான் கேட்டான்: “நானும் நல்லாத்தான் ரம்மி ஆடுவேன். எனக்கு ஒரு நாள் அடிக்காதா?” பட்டறையில் வாங்கிய முன்பணம் முழுக்க ஏற்கெனவே போனில் போயிருந்தது.

கிறிஸ் மனிமேக்கர் கதையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. 2003-இல் 86 டாலர் இணையத் தகுதிச் சுற்றில் நுழைந்து 25 லட்சம் டாலர் வென்ற கணக்காளர். ஸ்டூ உங்கர் கதையை நான் சொன்னேன். ஜின் ரம்மியில் அவரோடு உட்காரவே ஆள் கிடைக்காத அளவுக்குக் கெட்டிக்காரர். அதனால்தான் போக்கர் பக்கம் வந்தார். 1980, 1981, 1997 என்று மூன்று முறை மெயின் ஈவென்ட் சாம்பியன். கடைசி வெற்றிக்கு அடுத்த வருடம், 45 வயதில், லாஸ் வேகாஸில் ஒரு சாதாரண மோட்டல் அறையில் செத்துக் கிடந்தார். போதைப் பழக்கமும் பந்தயமும் சேர்ந்து எல்லாவற்றையும் தின்றிருந்தன. திறமை அவரிடம் இல்லையென்று யாராலும் சொல்ல முடியாது.

சீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ரூம் போட்டு, பாயிண்டுக்கு ஒரு ரூபாய் வைத்து நண்பர்களோடு ஆடியிருக்கிறேன். இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கியாக வேண்டும், ஆட்டம் முடிந்தே தீரும். தோற்றவன் முகம் சுருங்கினால் எதிரில் இருப்பவன் சீட்டைக் கலைத்துப்போடுவான். போனில் எதிரில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கும் ‘இன்னொரு ஆட்டம்’ என்று கூப்பிடும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்ற தமிழக அரசின் விதியை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது இதனால்தான் எனக்கு நியாயமாகப் பட்டது. ஆகஸ்ட்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் போட்டுவிட்டது. தடைக்குப் பிறகும் ஏதாவது ஒரு லிங்க் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் மிஸ்ராக்கி படத்தை ஃபார்வர்ட் செய்கிறவர்கள் கீழே 8,274 என்ற எண்ணையும் போட்டு அனுப்புங்கள். பட்டறை, தறிக்கூடம் நடத்துகிறவர்கள், அடிக்கடி முன்பணம் கேட்கும் பையனைத் திட்டுவதற்கு முன்னால் தனியாக உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். கடனில் மாட்டித் தூக்கம் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.