ஜோயி ரமோனின் முதல் தனி ஆல்பத்தைத் துக்கத்தோடு கேட்க வேண்டாம்

அமெரிக்க பங்க் ராக் குழுவான ரமோன்ஸின் பாடகர் ஜோயி ரமோன் 2001 ஏப்ரல் 15 அன்று நிணநீர்ப் புற்றுநோயால் இறந்தார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. பத்து மாதம் கழித்து, 2002 பிப்ரவரியில் அவருடைய முதல் தனி ஆல்பம் ‘டோன்ட் வொரி அபவுட் மீ’ வந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘விடைபெறும் குரல்’ என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

இது பிரியாவிடைக்காகத் திட்டமிட்ட ஆல்பம் அல்ல. ரமோன்ஸ் 2,263 மேடைகளுக்குப் பிறகு 1996-இல் கலைந்தது. அந்தக் குழுவில் ஜோயியும் கிதார் வாசித்த ஜானியும் வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாமலே ஊர் ஊராகப் போனார்கள். அதிலிருந்து வெளியே வந்த மனிதர், தனக்குப் பிடித்த பாட்டைத் தன் இஷ்டத்துக்குப் பாட நினைத்தார். ரமோன்ஸுக்கும் வேலை பார்த்த டேனியல் ரே தயாரிப்பாளர். சில பாட்டுகளுக்கு டிரம்ஸ் பழைய சகா மார்க்கி. பாடியது முழுக்க ஜோயிதான், உடம்பு ஒத்துழைத்த நாட்களில்.

‘மரியா பார்ட்டிரோமோ’ பாட்டைக் கேளுங்கள். டிவியில் பங்குச்சந்தை நிலவரம் சொல்லும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. ஜோயிக்குப் பங்கு வாங்கி விற்பதில் நிஜமாகவே ஆர்வம் இருந்தது. சாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் இன்டெல் பங்கு என்ன விலை என்று பாடுவாரா? ஜாஸ் பாடகர் லூயி ஆம்ஸ்ட்ராங் நிதானமாக, கனிவாகப் பாடிய ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ இங்கே முதல் பாட்டு. ஆனால் கிதார் முழங்க, ரமோன்ஸ் வேகத்தில் வருகிறது. உலகம் அழகு என்பதை இவ்வளவு சத்தமாகச் சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது இந்தப் பாட்டுதான்.

நோய் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ‘ஐ காட் நாக்ட் டவுன்’ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே பாடுகிற பாட்டு. ஆனால் அவர் அதில் கேட்பது உயிர். விழுந்தேன், எழுந்துவிடுவேன் என்கிறார். 2000 டிசம்பர் முடியும்போது பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர் அதன்பிறகு தேறவில்லை என்பது நமக்குத் தெரியும். பாடும்போது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை அவர் குரலில் ஏற்றிக் கேட்பது அவருக்குச் செய்யும் நியாயம் இல்லை.

2012-இல் ‘யா நோ’ என்று இன்னொன்று வந்தது. அவர் விட்டுப்போன டெமோக்களை, அதாவது முன்மாதிரிப் பதிவுகளை எடுத்து, மற்றவர்கள் வாத்தியம் சேர்த்து முடித்த ஆல்பம். அன்போடு செய்த வேலைதான், மறுக்கவில்லை. நல்ல பாட்டுகளும் இருக்கின்றன. ஆனாலும் எது சரி, எது வேண்டாம் என்று சொல்ல அவர் அங்கே இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘இறந்தபின் வந்தவை’ என்று பெயர் ஒட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதுவரை கேட்காதவர்கள் மரியா பாட்டில் ஆரம்பியுங்கள், சத்தத்தைக் கூட்டி வைத்து. ஆஸ்பத்திரிப் பாட்டு அப்புறம் வரட்டும்.