சாய்தளத்தின் உச்சியில் ஒரு படி

2020 டிசம்பரில் புரெவி புயல் வருகிறது என்று பாம்பனில் கூண்டு ஏற்றினார்களே, அன்றைக்கு ராத்திரி எங்கள் தெரு ஆட்களை வேனில் ஏற்றி ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கட்டடம், யார் கட்டியது என்று எழுதப் போவதில்லை. வாசலில் சாய்தளம் இருந்தது. கைப்பிடிக் கம்பிக்கு நீலப் பெயின்ட், சுவரில் சக்கர நாற்காலிப் படம். இரண்டு கையிலும் கட்டையை ஊன்றி, மழையில் வழுக்காமல் உச்சிக்குப் போனால், அங்கே முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி. அதைத் தாண்டித்தான் கதவு. எனக்குப் போலியோ வந்த கால்; எப்படியோ தத்தி ஏறிவிட்டேன். சக்கர நாற்காலியில் வந்த ஒரு ஆச்சியை நாலு பையன்கள் தூக்கி உள்ளே வைத்தார்கள். ஆச்சி விடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போகணும், அங்கே இன்னும் இரண்டு படி.

பக்கத்துத் தெருவில் நண்டு வலைக்குப் போகிற அண்ணன் ஒருவருக்குக் காது கேட்காது. ஆட்டோவில் மைக் கட்டி மூன்று தடவை கத்திக்கொண்டு போனார்கள். அவருக்கு விஷயம் தெரிந்தது, மற்றவர்கள் வள்ளத்தை மேட்டுக்கு இழுப்பதைப் பார்த்துத்தான். ஒரு வகையில் அந்தக் காலத்துக் கூண்டே அவருக்குத் தோது. கண் இருந்தால் போதும்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் மீன் கமிஷன் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னது. “ஐ.நா. ஒப்பந்தமெல்லாம் ஜெனிவாவுல கோட்டு போட்டவன் எழுதுனது, நமக்கென்னக்கா?” மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. ஒப்பந்தத்தைத்தான் சொன்னார். எழுதியது ஜெனிவாவில் இல்லை தம்பி, நியூயார்க்கில். கோட்டுக்காரர்கள் மட்டும் எழுதியதும் இல்லை.

2001 டிசம்பரில் மெக்சிகோ கொண்டுவந்த தீர்மானத்தால் அதற்கென்று ஒரு குழு அமைந்தது. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் மாற்றுத்திறனாளிகள் அமைப்புக்காரர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு அரசாங்கங்கள் உள்ளே பேசும். இங்கே அப்படி விடவில்லை. 2004 ஜனவரியில் முதல் வரைவு எழுத உட்கார்ந்த 40 பேரில் 27 இடம் அரசாங்கங்களுக்கு, 12 இடம் அமைப்புகளுக்கு, ஒன்று மனித உரிமை ஆணையங்களுக்கு. பார்வையில்லாதவர், காது கேளாதவர், மனநலச் சிகிச்சையில் அடிபட்டு வெளியே வந்தவர் எல்லாம் அந்த மேசையிலேயே இருந்து பேசினார்கள். வெளியே பல பத்து அமைப்புகள் ஒரே கூட்டணியாகச் சேர்ந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் மாற்று வாசகம் எழுதிக் கொடுத்தன. எங்களைப் பற்றிய எதையும் எங்களை விட்டுவிட்டு முடிவு பண்ணாதீர்கள் என்பதுதான் அவர்கள் கோஷம். புயல், போர், பேரிடர் நேரத்தில் மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பு அரசின் கடமை என்று 11ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஆச்சி குடிக்காமல் இருந்த தண்ணீர் அந்தப் பிரிவில் வரும்.

ஆனால் எனக்கு முக்கியம் 12ஆவது பிரிவு. காரணம் ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6. விடிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை பற்றி எரிந்தபோது, மனநலம் சரியில்லை என்று சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். எங்கள் கரையில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் அன்றைக்கு எங்கே இருந்தோம் என்று சொல்வார்கள். நியூயார்க்கில் குழு அமைக்கத் தீர்மானம் வந்தது அதே வருடம், நாலு மாசம் கழித்து. ஒன்றால் மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் இரண்டையும் சேர்த்துத்தான் நினைப்பேன்.

12ஆவது பிரிவு சொல்வது இது: மாற்றுத்திறனாளியும் சட்டத்தின் முன் முழு ஆள். சொத்து, பணம், கையெழுத்து எல்லாம் அவர் முடிவு. முடிவெடுக்க உதவி வேண்டுமென்றால் உதவி கொடு, முடிவைப் பிடுங்காதே. பல அரசாங்கங்களுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். 2006 ஆகஸ்டில் எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கீழே ஒரு அடிக்குறிப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அரபு, சீனம், ரஷ்யன் ஆகிய மூன்று மொழிகளிலும் ‘சட்டத் தகுதி’ என்ற சொல்லுக்கு உரிமை வைத்திருக்கும் தகுதி என்று மட்டும்தான் பொருள், செயல்படும் தகுதி என்று இல்லையாம். அதாவது வீடு உன் பேரில் இருக்கும், பத்திரத்தில் நீ கையெழுத்துப் போட முடியாது. அமைப்புகள் விடாமல் பிடித்துக்கொண்டன. டிசம்பர் 13 அன்று பொதுச்சபை ஒப்பந்தத்தை ஏற்றபோது அந்தக் குறிப்பு இல்லை.

ஒரு அடிக்குறிப்புக்கு இத்தனை சண்டையா என்று கேட்பவர்கள், என் சின்னம்மா மகனோடு ஒரு நாள் வங்கிக்குப் போய்ப் பார்க்கணும். அவனுக்கு 38 வயது. பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறான், வலை பின்னிச் சம்பாதிக்கிறான். தன் பணத்தை எடுக்கப் போனால், கவுன்டரில் அவன் முகத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “வீட்ல பெரியவங்க யாரும் வரலையா?”

இந்தியாவைக் குறை சொல்ல நினைத்தால் முதல் நாள் கணக்கில் குறை இல்லை. 2007 மார்ச் 30 அன்று விழுந்த 82 கையெழுத்துகளில் நம்முடையதும் ஒன்று, அக்டோபர் 1இல் உறுதியும் செய்துவிட்டோம். அதற்கு ஏற்ற சட்டம் வர 2016 ஆனது. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று மனநலச் சட்டம் எழுத 2017. ஏர்வாடி எரிந்து பதினாறு வருஷம்.

அதே ஒப்பந்தத்தின் 4ஆவது பிரிவு, எங்களைப் பற்றிய முடிவுகளில் எங்களைக் கலந்து பேசு என்கிறது. எங்கள் பக்கம் கலந்து பேசுவது என்றால் முகாமுக்குக் கூப்பிட்டு, வரிசையில் நிற்க வைத்து, ஒரு போட்டோ. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாவின்படி ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வேண்டும். நியமனம் என்றாலே யாருக்கு வேண்டியவர் என்ற கேள்வி வரும், எனக்கும் வருகிறது. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி கிடைக்கட்டும், உட்கார்ந்தபிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனார் எங்கள் பக்கத்து ஆள்தான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இழுக்கணும் என்று டேப்பைப் பிடித்துக் காட்டினேன். “ரேம்ப் போடுன்னுதான்க்கா சொன்னாங்க. கதவு வரைக்கும் போகணும்னு சொல்லலையே” என்றார். கோபப்படத் தோன்றவில்லை. அவரிடமும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வருகிற அக்டோபர் 2 கிராமசபைக்கு நண்டு வலை அண்ணனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். படியை அளந்து எழுதியும் வைத்திருக்கிறேன். உச்சிப்புளி, மண்டபம் பக்கம் சைகை மொழி தெரிந்தவர் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். அண்ணன் பேசுவதை நான் அரைகுறையாகத்தான் சொல்ல முடிகிறது.