போர் நினைவுத்தூணை ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள்

இங்கிலாந்துச் சிற்றூர்களின் போர் நினைவுத்தூண்களை நீர்த்த ஆசிட் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் புதுசாகிவிடும் என்று சிலர் சொல்வது தவறு. அங்கே பல தூண்கள் போர்ட்லேண்ட் கல்லில் ஆனவை. அது சுண்ணாம்புக்கல். ஆசிட் பட்டால் அழுக்கோடு கல்லும் கரையும். 1914–1918 போரில் இறந்தோர் பெயர்வரிசையின் வெட்டு விளிம்புகள்தான் முதலில் மழுங்கும். கம்பியிலிருந்து உதிரும் துகள் துருக்கறையாகிவிடும். பிளீச்சும் ஆகாது: அதன் உப்பு கல்லுக்குள் ஊறி, காயும்போது படிகமாகி மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும்.

வெறும் தண்ணீர், மெத்தென்ற நார் பிரஷ், இவை போதும். முதலில் நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகத் தேயுங்கள்; இல்லையேல் வழிந்த கோடுகள் தங்கும். உறைபனிக் காலத்தில் தொடவே வேண்டாம். கல்லில் பதித்த ஈய எழுத்து தளர்ந்திருந்தால் பிரஷ்ஷை விலக்குங்கள். வெண்கலப் பலகையின் பழுப்பைப் பளபளக்கத் துலக்குவதும் வேண்டாத வேலை, அந்தப் படலம்தான் அதற்குக் காப்பு. சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள தூணென்றால் முன் அனுமதியும் தேவைப்படலாம்.