45 நிமிடம் என்று சொல்லிவிட்டு 15-ஆ?

நிகழ்ச்சி நிரலில் 45 நிமிடம் என்று அச்சடித்துவிட்டு, மேடைப் படியில் கால் வைக்கும்போது "15-ல முடிச்சிடுங்க" என்று காதோரம் வந்து சொல்வது எந்த ஊர் நியாயம்? மென்பொருள் மாநாட்டில் பேசப்போன யாரும் இதற்குத் தப்பியிருக்க மாட்டீர்கள். மொரீஷியஸின் எபேனில் போன சனிக்கிழமை எனக்கு. இன்னும் வயிறு எரிகிறது.

எங்கே போனது என் அரை மணி நேரம்? ஆதரவாளர் நிறுவனத்தின் பெரியவர் முதலில் பிரெஞ்சில் பேசினார். பிறகு அதையே ஆங்கிலத்தில் பேசினார். கைதட்டல் வாங்க நடுநடுவே உள்ளூர்ப் பேச்சுமொழியான கிரியோல். அவரிடம் போய் நேரமாகிறது என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்புறம் நினைவுப் பரிசு. பரிசைக் கொடுத்தவருக்கும் ஒரு பரிசு. அப்புறம் புகைப்படம். ஒருவர் கண்ணை மூடிவிட்டாராம், திரும்ப எல்லாரையும் மேடையேற்றி நிற்க வைத்தார்கள். நான் ஓரமாக, திறந்த மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறேன்.

"டெமோவை விட்டுடுங்க, ஸ்லைடு போதும்" என்கிறார் ஒருங்கிணைப்பாளர். டெமோதானய்யா பேச்சே!

ஜாவா மொழியில் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில், பதிப்பு 2-லிருந்து 3-க்கு மாறுவது பற்றிய உரை அது. 3.0 வந்தது 2022 நவம்பரில். ஜாவா 17-க்குக் கீழே அது ஓடாது. பதிப்பு 2-இன் கடைசியான 2.7-க்கான இலவச ஆதரவும் 2023 நவம்பரோடு முடிந்துபோனது. ஆரக்கிள் நிறுவனம், பெரிய நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா ஈஈ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது, அதன் கோடுத் தொகுப்புகளின் பெயர்களில் முன்னால் வரும் ஜாவாக்ஸ் என்ற பெயரை மட்டும் தாராளமாக விட்டுத்தரவில்லை. அதனால்தான் இணையக் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட், தரவுத்தளத்தில் சேமிக்கும் பெர்சிஸ்டன்ஸ் எல்லாம் ஜகார்த்தா என்ற புதுப் பெயருக்குப் போயின. இதுவரை ஸ்லைடில் சொல்லலாம். ஆனால் ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ் கிரிப்டோ என்ற தொகுப்புகள் ஜாவா ஈஈ-யைச் சேர்ந்தவை அல்ல, அடிப்படை ஜாவாவுக்கே சொந்தமானவை, அவை மாறவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜாவாக்ஸ் எல்லாவற்றையும் ஜகார்த்தா என்று மொத்தமாகத் தேடி மாற்றினால் கோடு கம்பைலே ஆகாது. அதைவிடக் கொடுமை, பழைய சர்வ்லெட்டை நம்பிய வெளி லைப்ரரி ஒன்று உள்ளே கிடந்தால், உங்கள் கோடு சுத்தமாகக் கம்பைல் ஆகும், ஓடும்போது கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும். அது விழுவதைக் கண்ணால் பார்த்தவன்தான் அடுத்த நாள் அலுவலகத்தில் ஜாக்கிரதையாக இருப்பான். அதற்காகத்தான் ராத்திரி உட்கார்ந்து அந்த டெமோவைச் செய்தேன்.

மூச்சுவிடாமல் ஓட்டி முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எல்லா ஜாவாக்ஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாமா?" என்று கேட்டாள். வெட்டிய பகுதியில் இருந்த அதே விஷயம்! வாயைத் திறந்தேன், மைக்கை வாங்கிச் சாப்பாட்டு அறிவிப்பு செய்துவிட்டார்கள். கூட்டத்தில் அவளைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் திங்கட்கிழமை அலுவலகத்தில் போய் அதைச் செய்திருப்பாளே! அந்த முகம்தான் என்னைத் தூங்க விடவில்லை. கருத்துப் படிவத்தில் எவரோ எழுதியிருக்கிறார்கள்: "பேச்சாளர் மிக வேகம்."

இதில் சாப்பாட்டு வரிசை வேறு. தைப்பூசக் காவடிக்கு விரதம் பிடித்திருக்கும் நாட்கள். சைவம் எங்கே என்று கேட்டால், பிரியாணியைக் காட்டி, கோழியை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள் என்கிறார்கள். மொரீஷியஸில், தை மாதத்தில், தமிழனிடம்!