மூன்று ஒயர்தானே

வண்டிக்காரர்: மூன்று ஒயர்தானே தம்பி, மாட்டிக் கொடுத்துவிட்டால் கிளம்பிவிடுவேன்.

கடைக்காரர்: நான்கு இருக்கிறதே அண்ணா.

வண்டிக்காரர்: வெள்ளை, விளக்குக்கு. அது வேண்டாம். எனக்கு அனுபவம் இருக்கிறது.

(கோபியில், சத்தி சாலையோர ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. என் ஸ்கூட்டருக்கு ஹாரன் மாற்றப் போயிருந்தேன். பத்து நிமிட வேலை என்றார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் மீட்டரோடு இவர் வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை.)

கடைக்காரர்: ஆர்பிஎம் மீட்டரா? எங்கே வாங்கினீர்கள்?

வண்டிக்காரர்: ஆன்லைனில், 700 ரூபாய். மருமகனின் புது வண்டியில் முள் ஆடுவதைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. என்னுடையது 1996 மாருதி 800.

கடைக்காரர்: இதன் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது. 4, 6, 8 என்று போட்டிருக்கிறான். உங்கள் வண்டிக்கு எத்தனை சிலிண்டர் என்று தெரியுமா?

வண்டிக்காரர்: ஒன்று.

கடைக்காரர்: ஒன்றா?

வண்டிக்காரர்: டிக்கியில் படுத்திருக்கிறது, பார். கேஸுக்கு மாற்றி ஏழு வருடம் ஆகிறது.

கடைக்காரர்: அதில்லை அண்ணா, இன்ஜினில்.

வண்டிக்காரர்: இன்ஜினில் கொண்டுபோய் வைத்தால் சூட்டில் வெடித்துவிடாதா?

கடைக்காரர்: பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரைக் கேட்கிறேன். உங்கள் வண்டிக்கு அது மூன்று.

வண்டிக்காரர்: சரியாகப் போயிற்று! மூன்று சிலிண்டர், மூன்று ஒயர்.

கடைக்காரர்: சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரில். கறுப்பு, பாடியில் எர்த். பச்சை, இக்னிஷன் காயிலின் நெகட்டிவில். காயில் எத்தனை தடவை தீப்பொறி விடுகிறது என்று எண்ணித்தான் முள் ஏறும்.

வண்டிக்காரர்: நேற்று மருமகன் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றையும் நேராகப் பேட்டரியிலேயே மாட்டிவிட்டான்.

கடைக்காரர்: பச்சை?

வண்டிக்காரர்: மிச்சம். ஆனால் விடிய விடிய மீட்டரில் விளக்கு எரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கடைக்காரர்: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆனதா?

வண்டிக்காரர்: பால்காரர் தள்ளிவிட்டார்.

கடைக்காரர்: இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சுவிட்சில் 3 இல்லை. 4இல் வைத்தால், இன்ஜின் 1,000 சுற்று ஓடும்போது 750 காட்டும். 6இல் வைத்தால் 500தான் காட்டும்.

வண்டிக்காரர்: 4இல் வை. பொய்தான் என்றாலும் கொஞ்சம் பக்கத்துப் பொய்.

கடைக்காரர்: 6இல் வைத்தால் இரண்டால் பெருக்கினால் போதும்.

வண்டிக்காரர்: திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. முன்னால் கரும்பு லாரி, ஓரத்தில் கரும்புக்குக் காத்திருக்கிற யானை. நான் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கவா?

கடைக்காரர்: இத்தனை வருடம் சத்தத்தைக் கேட்டுத்தானே கியர் மாற்றினீர்கள்?

வண்டிக்காரர்: இப்போது காது மந்தம் தம்பி. அதற்குத்தான் இந்த மீட்டர்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அடுத்த பேச்சில் போய்விட்டது.)

வண்டிக்காரர்: கூலி எவ்வளவு?

கடைக்காரர்: 600.

வண்டிக்காரர்: ஒயருக்கு 200 ரூபாயா! மூன்று ஒயர்தானே?

கடைக்காரர்: டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுக்க வேண்டும். இன்ஜின் பக்கத்துத் தகட்டில் ரப்பர் புஷ் வைத்துப் பச்சை ஒயரை உள்ளே இழுக்க வேண்டும். புஷ் இல்லாவிட்டால் தகடு ஒயரை அறுத்துவிடும். காயில் எர்த் ஆகும், தீப்பொறி நின்றுவிடும், வண்டி யானைக்கு எதிரிலேயே நிற்கும். சிவப்பில் ஒரு ஃபியூஸும் போட வேண்டும்.

வண்டிக்காரர்: ஃபியூஸ் அது இது என்று கணக்கை ஏற்றாதே. மூன்று ஒயர்தானே.

கடைக்காரர்: டிக்கியில் கேஸை வைத்துக்கொண்டு ஃபியூஸ் வேண்டாம் என்கிறீர்கள். சரி, இந்த வருடம் மஞ்சள் போட்டிருந்தீர்களா?

வண்டிக்காரர்: அதை ஏன் கேட்கிறாய்! பத்து மாதப் பாடு. களை எடுத்து, வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு மண்டிக்குக் கொண்டுபோனால், வியாபாரி ஒரு விரலியை ஒடித்துப் பார்த்துவிட்டு அடிமாட்டு விலை கேட்கிறான். 2019இலேயே புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் தம்பி!

கடைக்காரர்: கிழங்குதானே அண்ணா.

(வண்டிக்காரர் மீட்டரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து மறுபடியும் வெளியே எடுத்தார்.)

வண்டிக்காரர்: 500 வைத்துக்கொள்.

கடைக்காரர்: 600. வெள்ளையையும் முறையாக மாட்டித் தருகிறேன்.

வண்டிக்காரர்: அப்படியென்றால் நான்கு ஒயரா?

கடைக்காரர்: நான்கு.

வண்டிக்காரர்: ஒயருக்கு 150தான் ஆகிறது! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

(இனியும் பொறுக்க முடியாமல், என் வண்டி எப்போது கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பதில் சொன்னவர் வண்டிக்காரர்.)

வண்டிக்காரர்: கொஞ்சம் இருங்கள். ஹாரன்தானே.