சொந்த வயலில் விளைந்த கோதுமை

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகருக்கு அருகில் ராஸ்கோ ஃபில்பர்ன் என்றொரு விவசாயி இருந்தார். மாடுகளும் கோழிகளும் வளர்த்தவர். 1938ஆம் ஆண்டு வேளாண் சட்டப்படி அமெரிக்க மத்திய அரசு அவருக்கு ஒதுக்கிய கோதுமைப் பரப்பு 11.1 ஏக்கர்; அவர் விதைத்ததோ 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷல் கோதுமைக்கு, புஷலுக்கு 49 சென்ட் வீதம், 117 டாலர் 11 சென்ட் அபராதம் விதித்தார்கள். அவர் நீதிமன்றம் சென்றார். தன் நிலத்தில் விளைந்து தன் பண்ணையிலேயே தீவனமாகவும் மாவாகவும் செலவாகும் கோதுமை எப்படி மத்திய அரசு ஒழுங்குபடுத்தக்கூடிய மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகும் என்பதே அவருடைய கேள்வி. 1942 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சொந்தத் தேவைக்கு விளைவிப்பவர் சந்தையில் வாங்குவதை நிறுத்திவிடுகிறார். அவரைப் போலவே பல்லாயிரம் பேர் செய்தால் நாடு முழுவதும் கோதுமை விலை அசையும். ஆகவே அவருடைய வயலும் வாஷிங்டனின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பின் சாரம்.

நான் அதே ஒஹாயோவில் பல ஆண்டுகளாக வாழ்கிறேன். குடியுரிமை பெற்று வாக்களிக்கிறேன். பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்திருக்கிறேன். மத்திய அரசின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்று இங்குள்ள கன்சர்வேட்டிவ்கள் ஏன் ஓயாமல் பேசுகிறார்கள் என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கோதுமைக் கதையைத்தான். ‘பழமைவாதி’ என்ற தமிழ்ச் சொல்லை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன். இவர்கள் காக்க நினைப்பது பழைய வழக்கங்களை மட்டுமன்று. 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட ஓர் அதிகாரப் பங்கீட்டை. தமிழ்நாட்டில் மாநில சுயாட்சி என்றால் திராவிட இயக்கம் நினைவுக்கு வரும். தனிமனிதர் மீதான ‘பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா’ ராஜ்யத்தை எதிர்த்தவர் என்றால் ராஜாஜி நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் இந்த இரண்டு குரல்களும் ஒரே அணியிலிருந்து எழுகின்றன என்று சொன்னால் நம் வாசகர்களுக்கு விஷயம் எளிதில் பிடிபடும்.

அந்தப் பங்கீட்டின் அடிப்படை எளிமையானது. நாடாளுமன்றமான காங்கிரஸ் எவற்றைப் பற்றியெல்லாம் சட்டம் இயற்றலாம் என்பதை அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு, எட்டாம் பிரிவு பட்டியலிடுகிறது. நாணயம், அஞ்சல், படை, போர் அறிவிப்பு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்று 18 கூறுகள். மத்திய அரசுக்குத் தரப்படாதவை, மாநிலங்களுக்கு மறுக்கப்படாதவை எல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் வந்த பத்தாம் திருத்தம் சொல்கிறது. மத்திய அரசின் அதிகாரங்கள் சிலவே, வரையறுக்கப்பட்டவையே என்று வாக்குறுதி எழுதித்தான், அரசமைப்பை வடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் அன்று ஒப்புதலுக்காக வாதாடினார். 1937க்குப் பிறகு அந்தப் பட்டியலில் ‘வணிகம்’ என்ற ஒற்றைச் சொல் விரிந்து விரிந்து மற்ற எல்லைக்கோடுகளையெல்லாம் மூடிவிட்டது. அது எல்லையற்றதன்று என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொல்ல 1995 வரை ஆயிற்று. சான் அந்தோனியோவில் ஒரு பள்ளி மாணவர் துப்பாக்கியுடன் வகுப்புக்கு வந்தார். அவர் மீது மத்திய சட்டத்தின்கீழ் வழக்கு. துப்பாக்கியால் கல்வி கெடும், கல்வி கெட்டால் பொருளாதாரம் கெடும், எனவே இதுவும் வணிகமே என்று அரசு வாதிட்டது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவருவதை டெக்சஸ் மாநிலச் சட்டமே தடை செய்திருந்தது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வணிகப் பிரிவைவிட வலுவான கருவி ஒன்று வாஷிங்டனிடம் இருக்கிறது: பணம். மது அருந்தும் வயதை நிர்ணயிப்பது மாநிலத்தின் வேலை. மதுவிலக்கை நீக்கிய 1933ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தம் மது தொடர்பான அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டது. ஆனால் 1984இல் காங்கிரஸ், 21 வயதுக்குக் கீழ் மது விற்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வோம் என்று சட்டம் செய்தது. தெற்கு டகோட்டா வழக்குத் தொடுத்து 1987இல் தோற்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் 21க்கு மாறிவிட்டன. 21 வயது என்பது நல்ல முடிவாகவே இருக்கலாம்; சாலை விபத்தில் மாண்ட இளைஞர்களின் பெற்றோர் அதற்காகப் போராடினார்கள், அந்தத் துயரத்தை நான் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. என் கவலை வழிமுறையைப் பற்றியது. மாநில மக்களிடமிருந்து வரியாக எடுத்த பணத்தையே நிபந்தனையோடு அவர்களுக்குத் திருப்பித் தரும் வழியில், நேரடியாகச் செய்ய முடியாத எதையும் மறைமுகமாகச் செய்துவிடலாம். இன்று மத்திய மானியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. மாநில ஆளுநர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அந்தப் பணத்தை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கெய்டை விரிவாக்காவிட்டால் ஏற்கெனவே வரும் பணத்தையும் நிறுத்துவோம் என்ற மிரட்டல் செல்லாது என்று 2012இல் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள்; அவர்களில் இருவர் தாராளவாத அணியினர். அந்த ஒரு தடுப்பாவது கிடைத்தது.

அடுத்தது முகமைகள் எனப்படும் மத்திய அரசின் நிர்வாக அமைப்புகளின் ஆட்சி. அன்றாட வாழ்வில் இந்நாட்டு மக்களைத் தொடும் விதிகளில் பெரும்பகுதி காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களித்து வந்தவையல்ல, அதிகாரிகள் எழுதியவை. ஒரு சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லையென்றால், முகமை சொல்லும் விளக்கம் நியாயமாகத் தோன்றும்வரை நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும் என்ற நெறி, 1984இல் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் தொடர்பான வழக்கில் உருவானது. கன்சர்வேட்டிவ்கள் அன்று அதை வரவேற்றார்கள் என்பதை மறைக்கக் கூடாது. அது ரீகன் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குக் கிடைத்த வெற்றி. உச்ச நீதிமன்றத்தின் கன்சர்வேட்டிவ் நீதிபதி ஸ்காலியா பல ஆண்டுகள் அதற்காக வாதாடியவர். ஆட்சி கைமாறியபோதுதான் அந்தக் கத்தி எந்தப் பக்கமும் வெட்டும் என்று புரிந்தது. அட்லாண்டிக் கரையில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் சிறு படகுக்காரர்கள், தங்கள் படகில் அரசின் கண்காணிப்பாளரை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதோடு, அவருடைய கூலியையும் தாங்களே தர வேண்டும் என்று ஒரு முகமை விதி செய்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 710 டாலர் வரை ஆகும். அவர்கள் விஷயத்தில் கூலியை யார் தருவது என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த மீனவர்கள் தொடுத்த வழக்கில்தான் 2024 ஜூன் 28 அன்று, நாற்பது ஆண்டு பழமையான செவ்ரான் நெறியை உச்ச நீதிமன்றம் கைவிட்டது. செவ்ரான் வழக்குக்குக் காரணமான விதி 1981இல் உருவானபோது சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் ஆன் கோர்சச். நெறியைக் கவிழ்த்த நீதிபதிகளில் ஒருவர் அவருடைய மகன் நீல் கோர்சச். சட்டத்தின் பொருளைச் சொல்வது நீதிபதியின் வேலை, சட்டத்தை எழுதுவது காங்கிரஸின் வேலை என்ற நிலை ஓரளவு மீண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மாநில உரிமை என்ற சொல்லைத்தானே அடிமை முறையைக் காக்கவும், பின்னர் கறுப்பின மக்களை ஒதுக்கிவைக்கவும் தென் மாநிலங்கள் பயன்படுத்தின? ஆம், பயன்படுத்தின, அது பெரும் பாவம். 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்கு ஒன்பது கறுப்பின மாணவர்கள் செல்ல அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பியது சரி என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அவரும் குடியரசுக் கட்சிக்காரரே. அதற்கான அதிகாரத்தை எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தரும், 1868இல் முறைப்படி நிறைவேறிய 14ஆம் திருத்தம் எழுத்திலேயே தந்திருந்தது. எந்தச் சொல்லையும் இழுத்து நீட்ட வேண்டியிருக்கவில்லை. வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அது செல்லாது என்று எதிர்த்து நின்றது விஸ்கான்சின் மாநில நீதிமன்றம். 1859இல் அந்த நீதிமன்றத்தை அடக்கியது வாஷிங்டனில் இருந்த உச்ச நீதிமன்றம். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே நல்லவர்களே அமர்ந்திருப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

மாநில அதிகாரிகளைத் தன் வேலையாட்களாக ஏவ மத்திய அரசுக்கு உரிமையில்லை என்று 1997இல் ஸ்காலியா எழுதிய தீர்ப்பு, துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்க மறுத்த ஷெரிஃப்களை, அதாவது உள்ளூர்க் காவல் தலைவர்களைக் காத்தது. இன்று அதே தீர்ப்பைக் காட்டித்தான் ஜனநாயகக் கட்சி ஆளும் நகரங்கள் குடியேற்றச் சோதனைகளுக்குத் தங்கள் காவலர்களைத் தர மறுக்கின்றன. என் நண்பர்கள் சிலருக்கு இது எரிச்சலூட்டுகிறது. எனக்கு இது அந்தத் தீர்ப்பின் நேர்மைக்கான சான்றாகவே தெரிகிறது.

என் தரப்பைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. 2005இல் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அனுமதித்தபடி மருத்துவத்துக்காக வீட்டில் கஞ்சாச் செடி வளர்த்தவர்கள் மீது, ஃபில்பர்ன் தீர்ப்பையே ஆயுதமாக எடுத்தது புஷ் அரசு. ஸ்காலியாவும் அதற்கு இசைந்தார். நீதிபதிகள் தாமஸ், ரென்க்விஸ்ட், ஓ’கானர் மூவர் மட்டுமே கொள்கையில் நின்றார்கள். கல்வித்துறையையே மூடுவதாக 1980இல் வாக்குக் கேட்ட கட்சி, 2002இல் நாட்டின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வாஷிங்டன் தேர்வு விதி வகுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அதிபரின் ஆணையால் ‘அரசுத் திறன் துறை’ உருவானபோது பலர் மகிழ்ந்தார்கள். தொடக்கத்தில் நானும் நம்பிக்கை கொண்டேன். ஊழியர்கள் பெருமளவில் நீக்கப்பட்டார்கள், ஒப்பந்தங்கள் ரத்தாயின. ஆனால் அந்த நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஓய்வூதியம், மருத்துவம், கடன் வட்டி ஆகிய பெருஞ்செலவுகள் சட்டத்தால் கட்டப்பட்டவை. அவற்றைக் காங்கிரஸ் மட்டுமே மாற்ற முடியும். அந்தக் காங்கிரஸோ தன் வழக்கமான நிதி மசோதாக்கள் அனைத்தையும் உரிய காலத்தில் கடைசியாக நிறைவேற்றியது 1996இல். அதிபரின் பேனாவால் மத்திய அரசு சுருங்கினால், அடுத்த அதிபரின் பேனாவால் அது மீண்டும் விரியும். இதற்கிடையில் அதிபர் பதவி மட்டும் இன்னும் வலுத்திருக்கும்.

நெருக்கடி நிலை அதிகாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே அது இந்தியாவில் 1975இல் நாம் கண்ட நெருக்கடி நிலையைப் போல எல்லாவற்றையும் முடக்குவதன்று. குறிப்பிட்ட சட்டங்களில் உறங்கிக் கிடக்கும் அதிகாரங்களை எழுப்பும் ஓர் அறிவிப்பு. 1979இல் ஈரான் தொடர்பாக அதிபர் கார்ட்டர் செய்த அறிவிப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. காங்கிரஸ் தர மறுத்த எல்லைச் சுவர்ப் பணத்தை 2019இல் ட்ரம்ப் இந்த வழியில் எடுக்க முயன்றார். கோவிட் நெருக்கடியைக் காட்டி ஏறத்தாழ 43,000 கோடி டாலர் மாணவர் கடனைப் பைடன் தள்ளுபடி செய்ய முயன்றார். 2023இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025இல் 1977ஆம் ஆண்டு நெருக்கடிக் காலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டி உலகம் முழுவதற்கும் சுங்கவரி விதிக்கப்பட்டது. வரி விதிக்கும் அதிகாரம் நான் மேலே சொன்ன பட்டியலின் முதல் வரியிலேயே காங்கிரஸுக்குத் தரப்பட்டிருக்கிறது.

இதற்குத் தீர்வாக இரண்டு மசோதாக்கள் பல ஆண்டுகளாகவே பேசப்படுகின்றன. பொருளாதாரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் தாக்கம் கொண்ட எந்த முகமை விதியும் காங்கிரஸ் வாக்களித்தால்தான் நடைமுறைக்கு வரும் என்பது ஒன்று. கீழவையில் 2011இலும் 2023இலும் நிறைவேறி, செனட்டைத் தாண்டவே இல்லை. நெருக்கடி அறிவிப்பு எதுவானாலும் 30 நாளில் காங்கிரஸ் ஒப்புதல் தராவிட்டால் தானாகக் காலாவதியாகும் என்பது மற்றொன்று; யூட்டா செனட்டர் மைக் லீ 2019இல் முன்வைத்தது. அதே ஆண்டு எல்லைச் சுவர் அறிவிப்பை ரத்துசெய்யும் தீர்மானத்துக்குக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் 12 பேர் தங்கள் அதிபருக்கு எதிராக வாக்களித்தார்கள். லீயும் அவர்களில் ஒருவர். அந்த மசோதாவை இப்போது நிறைவேற்றினால் அது முதலில் கட்டுப்படுத்துவது நான் வாக்களித்த கட்சியின் அதிபரைத்தான். அதனால்தான் இப்போதே நிறைவேற்ற வேண்டும் என்று என் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கும் ஒஹாயோவின் இரு செனட்டர்களுக்கும் எழுதியிருக்கிறேன்.